‘உம்’ சத்தம் போகட்டும் என்று எர்த் வயரைக் கழற்றாதீர்கள்

போன மாதம் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பெரியவர் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை டர்பனில் உள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். “உம்முனு ஒரு சத்தம் இருந்துச்சு தம்பி. அதைப் பையன் சரி பண்ணிட்டான். இப்ப தொட்டா சுள்ளுங்குது, அதுவும் ரெக்கார்ட் போடுற அன்னைக்குத்தான்” என்றார்.

‘பையன் சரி பண்ணிட்டான்’ என்று கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிளக்கைத் திறந்தேன். நினைத்தது சரிதான். பச்சை-மஞ்சள் எர்த் வயரைக் கழற்றி, டேப் சுற்றி, ஓரமாக மடித்து வைத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் மூன்று உருண்டை முள் பிளக்கில் தடித்த முள்தான் எர்த். ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் திறந்துவிடலாம். வசதியும் அதுதான், வினையும் அதுதான்.

பெட்டியைத் திறந்ததும் மீதிக் கதை தெரிந்தது. மெயின்ஸ் வயர் உள்ளே நுழையும் துளையில் இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் வைத்த அப்பளமாக நொறுங்கிப் போயிருந்தது. தகரத்தின் விளிம்பு லைவ் வயரின் தோலை அறுத்திருந்தது. வயரை அசைத்தால் தொடும், விட்டால் விலகும். தொடும்போது மீட்டர் 228 வோல்ட் காட்டியது. எர்த் இல்லாத பெட்டிகளில் சும்மாவே மீட்டர் நூறு வோல்ட் போலக் காட்டுவது உண்டு. அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கசியும் சொற்ப மின்சாரம். ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்தால் படுத்துவிடும். இது படுக்கவில்லை.

“வீட்டில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் அடிக்கடி விழுமா அங்கிள்?” என்று கேட்டேன். மின்சாரம் வழிதவறிக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர் அது. விழுமாம். மழையால் என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையில், டிவி டிகோடர், அதாவது டிஷ் சேனல்களைக் காட்டும் பெட்டி, ஆம்ப்ளிஃபையரோடு இணைந்திருக்கும் நாளில் டிஷ் கேபிளின் மேலுறைதான் இந்தப் பெட்டிக்கு எர்த்தாக இருந்திருக்கிறது. அதன் வழியே 30 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடியதும் பிரேக்கர் தன் வேலையைச் செய்திருக்கிறது. டிகோடரைக் கழற்றி ரெக்கார்ட் மட்டும் போடும் நாளில் அந்த வழியும் இல்லை. அப்போது பாக்கி இருந்த ஒரே வழி பெரியவரின் கை. காலில் செருப்பு இருந்ததால் சுள்ளென்பதோடு போனது.

வயரை மாற்றி, எர்த்தை மறுபடி பொருத்தி, அவர் வீட்டுக்கே எடுத்துப் போய் இணைத்தேன். எதிர்பார்த்தபடியே ‘உம்’ திரும்பி வந்தது. மகன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். சத்தமும் கூடவே குறைந்தால் கோளாறு வால்யூமுக்கு முன்னால், அதாவது வெளியிலிருந்து வரும் கேபிள்களின் பக்கம். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் அப்படியே இரைந்தால் கோளாறு பெட்டிக்குள். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அப்புறம் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு தடவையும் ஆம்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் பாடு திண்டாட்டம்.

அங்கிள் வீட்டில் டிகோடருக்குப் பின்னால் டிஷ் கேபிளைக் கழற்றியதும் வீடு அமைதியானது. காரணம் இதுதான். ஆம்புக்கு பிளக் வழியே ஒரு எர்த், டிஷ் கம்பத்தின் வழியே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய மின்னழுத்த வித்தியாசம் இருந்தாலும் ஆடியோ கேபிளின் மேலுறையில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுற்றி வரும். அதை ஆம்ப் பாட்டு என்று நம்பிப் பெருக்கிக் கொடுக்கும். பையன் எர்த்தைக் கழற்றியபோது இந்த வட்டம் அறுந்தது, சத்தம் நின்றது. ஆக அவர் கண்டுபிடித்தது தப்பில்லை, அறுத்த இடம்தான் தப்பு.

அறுக்க வேண்டிய இடம் டிகோடருக்கும் ஆம்புக்கும் நடுவே. பாட்டை மட்டும் கடத்தி, எர்த் தொடர்பை அறுத்துவிடும் ஒரு சின்ன ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன், முடிந்தது. சாதாரண ஆன்டெனா ஐசொலேட்டரை டிஷ் கேபிளில் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு அந்தக் கேபிள் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் போகிறது. ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிட்டால் படமே வராது. இரண்டு பக்கமும் ஆப்டிகல் வசதி இருந்தால் இன்னும் நல்லது. அதில் போவது வெளிச்சம் மட்டுமே, எர்த் வட்டம் உருவாக வழியே இல்லை.

ரெக்கார்ட் பிளேயரில் மட்டும் சத்தம் வந்தால் அதன் மெல்லிய தனி எர்த் வயர் ஆம்பின் பின்பக்கத் திருகில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். ஊசியிலிருந்து வருவது சில மில்லி வோல்ட்தான், சிடி பிளேயர் தருவதோ சுமார் 2 வோல்ட். போதாக்குறைக்கு ரெக்கார்டுக்கான சர்க்யூட் 50 ஹெர்ட்ஸை நடு ஸ்தாயியைவிட ஏழு மடங்கு தூக்கிவிடும். டர்பன் கடல் காற்றில் பிளக்குகள் கறுத்துப் போவதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பெட்டிக்குள் கோளாறு என்றால் பெரும்பாலும் பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் பெரிய கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். இரைச்சல் 100 ஹெர்ட்ஸில், சற்றுக் கரகரப்பாக இருக்கும். இதை வீட்டில் செய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வ் ஆம்பில் 400 வோல்ட்கூட இருக்கலாம்.

ஸ்பீக்கரில் இல்லாமல் பெட்டியே உறுமினால் அது டிரான்ஸ்ஃபார்மர். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். சில டிரையர்கள் மின் அலையில் பாதியை மட்டும் இழுக்கும், அதில் வளைய டிரான்ஸ்ஃபார்மர் முனகும். மின்வெட்டு நேரத்தில் மட்டும் இரைந்தால் மலிவு இன்வெர்ட்டரின் சதுர அலையைச் சந்தேகியுங்கள்.

சில ஆம்ப்களுக்குப் பிறவியிலேயே இரண்டு முள்தான். பின்னால் சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருந்தால் அது இரட்டைக் காப்புள்ள பெட்டி, எர்த் தேவையில்லை. நான் சொல்வதெல்லாம் எர்த்தோடு வந்த பெட்டியைப் பற்றி.

இரண்டு நாள் கழித்து அந்த மகன் போன் செய்தார். தயங்கித் தயங்கி, தன் கிடார் ஆம்பின் பிளக்கிலும் இதே வேலையைச் செய்திருப்பதாகச் சொன்னார். ஒரு கை கிடார் கம்பியில், வாய் மைக்கில். கேட்ட எனக்குக் கை சில்லிட்டது. “சுவரிலிருந்து பிடுங்கி வையுங்கள், சனிக்கிழமை வருகிறேன்” என்றேன்.