முளைய வளர்ப்பு

மாட்டைப் பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பில் 'எம்பிரியோ கல்ச்சர்' என்பதைக் 'கருக் கலாசாரம்' என்று எழுதியிருந்தார்கள். வாசித்ததும் மனம் கனத்தது. மட்டக்களப்பின் மயிலத்தமடுவில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர் இதிலிருந்து எதை விளங்கிக்கொள்வார்?

கல்ச்சர் என்பதன் மூலம் 'கோலெரே' என்ற இலத்தீன் வினை. நிலத்தை உழுது பயிர் செய்வது அதன் பழைய பொருள். பண்பாடு, ஆய்வுகூட வளர்ப்பு என்ற பொருள்களெல்லாம் பிறகு வந்தவை. மட்டக்களப்புத் தயிர்ச்சட்டிக்குள் இடும் கல்ச்சருக்கு நம்மிடம் 'உறை' இருக்கிறது. இடத்துக்கு ஏற்ற சொல்லைத்தான் தேட வேண்டும். இங்கே நடப்பது வளர்ப்பு.

எம்பிரியோ கிரேக்கச் சொல். உள்ளே பொருமி வளர்வது என்று கருத்து. தமிழ்நாட்டில் 'கரு' என்பார்கள். இலங்கைப் பாடநூல்களிலோ கரு என்றால் கலத்தின் நியூக்கிளியசு. அதனால் நமக்கு 'முளையம்'தான் சரி. விதைக்குள் இருப்பதும் அதுதானே.

சரி, எப்படி வளர்க்கிறார்கள்? பசுவின் முட்டையை வெளியே முதிரவைத்து, விந்தோடு சேர்த்து, கருக்கட்டிய பின் ஒரு கிழமை அளவு தட்டில் ஒரு கரைசலுக்குள் வைத்திருப்பார்கள். வெப்பம் 38.5 பாகை செல்சியசு, பசுவின் உடற்சூடு. கரைசலின் அமிலத்தன்மை மாறாதிருக்க 5 சதவீதக் காபனீரொட்சைட்டு. ஒட்சிசனில்தான் கவனம் அதிகம் வேண்டும். காற்றில் அது ஏறக்குறைய 21 சதவீதம்; முட்டை இறங்கும் குழாய்க்குள் மிகக் குறைவு. அதை 5 சதவீதத்துக்கு இறக்கியபோது முளையங்கள் நன்றாகத் தேறின. கரைசலும் அப்படித்தான். செம்மறியாட்டின் குழாய்த் திரவத்தை ஒத்ததாக 1972 இல் அமைத்த கரைசலைத் திருத்தித் திருத்தி இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

முன்பெல்லாம் முளையம் 8 முதல் 16 கலம் வரை பிரிந்து அப்படியே நின்றுவிடும். முட்டையில் இருந்த சேமிப்பு தீர்ந்து, முளையம் தன் பரம்பரையலகுகளை இயக்கத் தொடங்கும் கட்டம் அது. இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சீரத்தைக் கரைசலில் சேர்த்தால் வளர்ச்சி வேகமாகும், ஆனால் சில கன்றுகள் அளவுமீறிப் பெருத்துப் பிறக்கும். ஈனும் பசு படும் பாடு சொல்லி முடியாது. இந்தக் குறைகளைக் களைவதை 'வளர்ப்புச் சூழலைச் சீராக்கல்' என்று எழுதலாம்.

ஏழாம் நாள் அளவில் நல்ல முளையத்தை இன்னொரு பசுவின் கருப்பையில் வைப்பார்கள். அந்தப் பசுவை 'வாடகைத் தாய்' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். பசு வாடகை வாங்குவதில்லை. 'ஏற்புப் பசு' என்றாலே போதும்.