அயித்தை: ஆன்ட்டியின் வேரில் இருக்கும் உறவு

அயித்தைக்குப் பதினாறு முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, பக்கத்து மேசைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஆன்ட்டி தவறிட்டாங்களாமே. அம்மா கூடப் பிறந்தவங்களா?" "இல்லைங்க, அப்பாவோட தங்கச்சி. அயித்தை" என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை.

அவர் கேட்டதில் தப்பே கிடையாது. ஆன்ட்டி என்று சொன்னால் அடுத்து அப்படிக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டோம். பக்கத்து வீட்டு அம்மாவும் அதற்குள்தான் இருக்கிறார்.

அயித்தை என்பது எங்கள் ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு. எழுத்தில் அத்தை. அத்தான் அயித்தான் ஆகிற மாதிரிதான் இதுவும். அப்பாவோடு பிறந்தவள் என்பது முதல் பொருள். மாமாவின் மனைவியும், கட்டிக்கொண்டவரின் தாயும்கூட அத்தைதான். அயித்தை பிள்ளையைக் கட்டுகிற வழக்கம் இருந்ததால், அப்பா கூடப் பிறந்தவரே மாமியாராகவும் வந்தார். ஒரே சொல் இரண்டுக்கும் போதுமாக இருந்தது. தெலுங்கில் 'அத்த', கன்னடத்தில் 'அத்தெ'. அங்கேயும் இந்த இரண்டு பொருளும் உண்டு.

வேர் எது என்று பார்த்தால் அத்தன் வருகிறான். அத்தன் என்றால் தந்தை. "பித்தா பிறைசூடி" என்று தொடங்கும் தேவாரப் பாட்டில் சுந்தரர் சிவனை "அத்தா" என்றுதான் அழைக்கிறார். அதைப் பழைய சொல் என்று தள்ளிவிட முடியாது. எங்கள் மாவட்டத்து இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றில் இன்றைக்கும் அப்பாவை அத்தா என்றே கூப்பிடுகிறார்கள். அத்தனும் அத்தையும் ஒரே கொடியில் காய்த்த சொற்கள்.

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்று ஒரு பழமொழி உண்டு. நடக்காத காரியத்தைப் பேசுகிறவர்களை அடக்கச் சொல்வது. ஆனால் உறவுமுறைக் கணக்கு அதில் அச்சாக இருக்கிறது. அத்தை என்பவர் அப்பாவின் பக்கம், அப்பாவின் ரத்தம்.

எனக்கு இது அகராதி பார்த்துத் தெரிந்த சங்கதி இல்லை. அயித்தை மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுத்தவர். ஏர்வாடியிலிருந்து மண்டபம் வரைக்கும் பல ஊர்ப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. இடுப்பளவு தண்ணீரிலும், முங்கியும், பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைக் கையால் பிய்த்து எடுக்க வேண்டும். பாறை விரலை அறுத்துவிடும். அதனால் கிளம்புவதற்கு முன்னால் பழைய சேலையை நாடா நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொள்வார். இடது கையில் தானே சுற்றிக்கொள்வார். வலது கைக்கு நான் சுற்றிவிடுவேன், பள்ளி விடுமுறையில் அது என் வேலை. "இறுக்கிக் கட்டு மருமகனே, தண்ணிக்குள்ள அவுந்துரும்" என்பார். கடைசி முடிச்சை மட்டும் நம்பி என்னிடம் விடமாட்டார். துணி நுனியைக் கடைவாய்ப் பல்லில் கவ்வி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெடுக்கென்று இழுப்பார். வலை பொத்தும்போது அப்பா நூலை இழுத்ததும் அச்சு அசல் அப்படித்தான். அதே பல், அதே சாய்வு. அப்பா போன பிறகு, அந்த முடிச்சைப் பார்ப்பதற்கென்றே விடிகாலையில் எழுந்து போயிருக்கிறேன்.

சரி, ஆன்ட்டிக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு மூலம் 'அமிதா' என்ற லத்தீன் சொல். அமிதா என்றால் அப்பாவின் சகோதரி, வேறு யாரும் இல்லை. அம்மாவின் சகோதரிக்கு லத்தீனில் 'மாதெர்தெரா' என்று தனிச்சொல் இருந்தது. அதாவது ரோமானியர்களும் நம்மைப் போல இருவரையும் பிரித்தே அழைத்திருக்கிறார்கள். அது ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே, ஆன்ட்டிக்குச் சரியான தமிழ் என்ன என்று யாராவது கேட்டால், வேரின்படி அத்தை என்பேன். புழக்கத்தின்படி என்றால், அவர் யார் கூடப் பிறந்தவர் என்று கேட்டுவிட்டு அத்தை, சித்தி, பெரியம்மா என்று அந்தந்த உறவைச் சொல்வதுதான் முறை.

இன்னொரு சொல்லையும் இங்கே சேர்க்க வேண்டும். அயித்தை என்று நாம் கூப்பிட்டால், அங்கிருந்து திரும்பி வருவது மருமகன், மருமகள். அண்ணன் பிள்ளைக்கும் அதே பெயர், மகளைக் கட்டியவனுக்கும் அதே பெயர். அயித்தைக்குப் பெண் பிள்ளை கிடையாது. இருந்தும் நான் அவருக்கு மருமகன்தான்.

ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வரவேண்டும். "அண்ணன் வீட்டுக் கோடி வந்துருச்சா?" என்று வாசலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா இருந்திருந்தால் அவர் கொண்டுவந்திருப்பார். நான் தட்டில் சேலையை ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்ததும், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி அயித்தையின் காதுப் பக்கம் குனிந்து, "இந்தா பாரு, ஒம் மருமகன் வந்துட்டான், எந்திரிடி" என்று அழுதார்.