வருகை எண்ணிக்கையை நம்பி ஏமாறும் சிறு இணையக் கடைகள்

சிறு அளவில் இணையத்தில் பொருள் விற்பவர்கள் ஆலோசனைக்கு வரும்போது முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் வருகையாளர் எண்ணிக்கையைத்தான். சென்ற மாதத்தைவிடப் பல மடங்கு பேர் வந்திருக்கிறார்கள், ஆனால் ஆர்டர் மட்டும் ஏறவில்லை, தளத்தின் வடிவமைப்பை மாற்ற வேண்டுமா, விலையைக் குறைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டுமே சில சமயம் தேவைப்படலாம். ஆனால் அதற்கு முன்பே பார்க்க வேண்டியது, வந்தவர்கள் யார், எதைத் தேடி வந்தார்கள் என்பதுதான். வாங்கும் எண்ணமே இல்லாதவர்களை வரவழைத்துவிட்டு, அவர்கள் வாங்கவில்லையே என்பதற்காகத் தளத்தைத் திருத்திக்கொண்டிருந்தால், வாங்க வந்த சிலருக்கு நன்றாகப் பயன்பட்டுவந்த பக்கத்தையும் கெடுத்துக்கொள்ள நேரிடும்.

பெரிய நிறுவனத்துக்குத் தன் பெயரைப் பலர் காதில் போட்டுவைப்பதே ஒரு பயனாக இருக்கலாம். அதற்கென்று தனி பட்ஜெட்டும் அங்கே இருக்கும். ஒருவரோ இருவரோ நடத்தும் கடைக்கு அந்த வசதி கிடையாது. அங்கே ஒவ்வொரு கிளிக்கும் உரிமையாளரின் கையிலிருந்து போகும் பணம், அல்லது அவர் கண்விழித்து எழுதிய பக்கத்தின் பலன். ஆகவே யார் வர வேண்டும் என்பதை முடிவு செய்வதைப் போலவே, யார் வரத் தேவையில்லை என்பதையும் அவர் முடிவு செய்தாக வேண்டும்.

இதில் முதல் எச்சரிக்கை, விலைக்கு விற்கப்படும் வருகைகளைப் பற்றியது. இத்தனை நாளில் இத்தனை ஆயிரம் பேரை உங்கள் தளத்துக்கு அனுப்புகிறோம், அவர்கள் உங்கள் துறையில் ஆர்வம் உள்ளவர்கள் என்று உறுதி சொல்லும் மின்னஞ்சல்கள் புதிதாகத் தளம் தொடங்கிய எவருக்கும் வந்து சேரும். அந்த வருகைகள் எங்கிருந்து வருகின்றன என்று துருவிப் பார்த்தால், பெரும்பாலும் சில வழிகள்தான் தென்படும்: தானாக இயங்கும் பாட் நிரல்கள், புள்ளிகள் சேர்ப்பதற்காக ஒருவர் தளத்தை மற்றவர் திறந்து மூடும் பரிமாற்றக் குழுக்கள், வேறொரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாமல் பின்னால் திறந்துகொள்ளும் சாளரங்கள், காலாவதியான பழைய முகவரிகளிலிருந்து திருப்பிவிடப்படுபவர்கள். இவர்களில் எவரும் உங்கள் பொருளைத் தேடி வந்தவர் அல்லர்.

இத்தகைய வருகைகளை அடையாளம் காண்பது அவ்வளவு கடினம் அன்று. மணிவாரியான அறிக்கையைத் திறந்து பாருங்கள். ஒரே பகுதியைச் சேர்ந்த உண்மையான மனிதர்கள் வருகிற தளத்தில் பின்னிரவில் கோடு இறங்கி, காலையில் ஏறும். வாங்கிய வருகையில் அது நேர்கோடாக ஓடிக்கொண்டிருக்கும். தள வருகைகளை அளக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸில் ஒரு வருகை 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்களாவது பார்க்கப்பட்டாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்துவைத்த ஒரு செயல் நடந்தாலோதான் அது ஈடுபாடுள்ள வருகையாகக் கணக்கிடப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு வழியாக வருபவர்களிடம் மட்டும் அந்த விகிதம் தரைமட்டத்தில் கிடந்தால் அந்த வழியைச் சந்தேகிக்கலாம். பாட்கள் பக்கத்தை உருட்டிப் பார்ப்பதுபோல் நடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டன என்பதால், கூடையில் பொருள் சேர்ப்பது, அனுப்பும் கட்டணத்தைப் பார்ப்பது போன்ற அடுத்த கட்டச் செயல்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பணம் போனதோடு தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. தளத்துக்கு வந்து சென்றவர்களுக்கு மீண்டும் விளம்பரம் காட்டும் வசதியை நீங்கள் பயன்படுத்தினால், அந்தப் பட்டியலுக்குள் இந்தப் போலி வருகைகளும் புகுந்துவிடும். பிறகு அவற்றுக்கு விளம்பரம் காட்டவும் நீங்களே பணம் கட்டுவீர்கள். நூறு பேர் வந்தால் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற கணக்கும் பொருளற்றுப் போகும். அதைவிட, உண்மையிலேயே பயன் தந்துகொண்டிருந்த ஒரு சிறிய வழி அந்த இரைச்சலில் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

சரி, தேவையானவர்களை எப்படி வரவழைப்பது? அவர்கள் தேடுபொறியில் தட்டச்சு செய்யும் சொற்களிலிருந்து தொடங்குவதே சிறு கடைக்குச் செலவு குறைந்த வழி. ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருக்கமாகப் பார்ப்போம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கான கத்தரிக்கோல்களை மட்டும் விற்கும் ஒரு தளம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் உரிமையாளர் "கத்தரிக்கோல்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் வர ஆசைப்படுகிறார். அந்தச் சொல்லைத் தேடுபவர்களில் படம் வரைய மாதிரி தேடும் மாணவர் இருப்பார், மழுங்கிய கத்தரியைத் தீட்டும் முறை தேடுபவர் இருப்பார், எந்தக் கத்தரியானாலும் சரி என்று விலை குறைந்ததைத் தேடும் வலக்கைக்காரர் இருப்பார். பெரிய சந்தைத் தளங்களோடு மோதி அந்த இடத்தைப் பிடித்தாலும், வருகிற கூட்டத்தில் மிகப் பெரும்பாலோர் அவருடைய வாடிக்கையாளர் அல்லர். "இடது கை தையல் கத்தரிக்கோல் கனமான துணிக்கு" என்று தேடுபவரோ அநேகமாகக் கையில் துணியோடு உட்கார்ந்திருப்பவர். அப்படித் தேடுபவர்கள் சிலரே என்றாலும் அவர்களுக்குப் பதில் சொல்லும் பக்கங்கள் இணையத்தில் மிகக் குறைவு.

இந்த நீளமான சொற்றொடர்களை உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டியதில்லை. கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியைத் தளத்தோடு இணைத்துவிட்டால், எந்தெந்தத் தேடல்களுக்கு உங்கள் பக்கம் முடிவுகளில் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைச் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்ற விவரங்களை 16 மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். பலமுறை காட்டப்பட்டும் 8ஆவது இடத்துக்கும் 20ஆவது இடத்துக்கும் நடுவே தேங்கி நிற்கும் தேடல்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். தேடுபொறி உங்கள் பக்கத்தை அந்தக் கேள்வியோடு ஏற்கெனவே தொடர்புபடுத்தியிருக்கிறது. பக்கத்தில் அதற்கான பதில்தான் முழுமையாக இல்லை. கத்தரியின் முனை வளைவானதா, பிடி எவ்வளவு பெரிய கைக்குப் பொருந்தும், எத்தனை அடுக்குத் துணியை வெட்டும் என்பவற்றை எழுதிச் சேர்ப்பது ஒரு மாலை நேர வேலை. தன்னிடம் ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் ஒருபோதும் வராதவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஆகவே அதிகம் தேடப்படும் சொற்களின் ஆயத்தப் பட்டியலை விலைக்கு வாங்குவதைவிட, உங்களிடம் தொலைபேசியிலும் செய்திச் செயலிகளிலும் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துவைப்பது கூடுதல் பயன் தரும். தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் என்ன தட்டச்சு செய்யப்படுகிறது என்பதையும் பாருங்கள். அதைப் பெரும்பாலானவர்கள் திறந்தே பார்ப்பதில்லை.

பக்கத்தைப் பொறுத்தவரை இரண்டு மூன்று செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உற்பத்தியாளர் தந்த விவரிப்பை அப்படியே ஒட்டினால், அதே வாசகத்தை ஒட்டிய நூறு தளங்களில் நீங்களும் ஒருவர்; தேடுபொறி உங்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் இருக்காது. பக்கத்தின் மறைவான பகுதியில், திறவுச்சொற்களுக்கென்று உள்ள குறிச்சொல்லுக்குள் (மெட்டா கீவேர்ட்ஸ்) தேடல் சொற்களை வரிசையாக அடுக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். தரவரிசைக்கு அந்தக் குறிச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. பொருளின் விலை, இருப்பு, மதிப்பீடு ஆகியவற்றை தேடுபொறி எளிதில் படிக்கும்படி ஸ்கீமா எனப்படும் கட்டமைப்புத் தரவாகப் பக்கத்தில் சேர்த்தால் தேடல் முடிவிலேயே அவை தெரிய வாய்ப்பு உண்டு. விலையை அங்கேயே பார்த்துவிட்டு ஒருவர் வராமல் போனால் அது நட்டமில்லை.

விளம்பரத்துக்கு வருவோம். சிறு கடைகளின் பணம் சத்தமில்லாமல் கரைவது இங்கேதான், அதற்கு முக்கியக் காரணம் முன்கூட்டியே நிரப்பிவைக்கப்பட்டிருக்கும் அமைப்புகள். கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸில் ஒரு திறவுச்சொல்லை எந்தக் குறியும் இல்லாமல் அப்படியே எழுதினால் அது விரிந்த பொருத்தமாக எடுத்துக்கொள்ளப்படும். அதாவது, தொடர்புடையது என்று அமைப்பு கருதும் வேறு தேடல்களுக்கும் உங்கள் விளம்பரம் காட்டப்படும். மேற்கோள் குறிக்குள் எழுதினால் சொற்றொடர்ப் பொருத்தம், சதுர அடைப்புக்குள் எழுதினால் துல்லியப் பொருத்தம். பட்ஜெட் சிறியதாக இருக்கும்வரை பின்னிரண்டில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. விரிந்த பொருத்தத்தை அமைப்பு சரியாகக் கையாளுவதற்கு ஏற்கெனவே நடந்த விற்பனைகளின் தரவு வேண்டும். மாதத்துக்கு விரல்விட்டு எண்ணும் ஆர்டர்கள் வரும் தளத்தில் அது கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இட அமைப்பிலும் இதே கதைதான். நீங்கள் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால், அங்கே இருப்பவர்களோடு அந்தப் பகுதியின் மீது ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரம் போகும்படி முதலிலேயே அமைக்கப்பட்டிருக்கும். பொருளை அனுப்ப முடியாத தொலைவில் இருப்பவர்கள் சொடுக்குவது இதனால்தான். அந்த இடத்தில் இருப்பவர்கள், வழக்கமாக இருப்பவர்கள் என்ற தெரிவுக்கு அதை மாற்ற வேண்டும். தேடல் விளம்பரம் தொடங்கும்போது பிற தளங்களிலும் செயலிகளிலும் விளம்பரம் காட்டும் காட்சி விளம்பர வலையமைப்பையும் சேர்த்துக்கொள்ளும் பெட்டியில் குறி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கைப்பேசி விளையாட்டின் நடுவே தவறுதலாகப் பட்ட விரலுக்கெல்லாம் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

விளம்பரம் ஓடத் தொடங்கிய பின் வாரம் ஒருமுறையாவது படிக்க வேண்டியது தேடல் சொற்கள் அறிக்கை. நீங்கள் விலை கொடுத்த திறவுச்சொல் ஒன்றாக இருக்கும்; மக்கள் உண்மையில் தட்டச்சு செய்தது வேறாக இருக்கும். நம் கத்தரிக்கோல் கடையின் அறிக்கையில் "கத்தரிக்கோல் படம்", "கத்தரிக்கோல் தீட்டும் கல்", "தையல் வேலை வாய்ப்பு", "இலவசத் தையல் வகுப்பு" போன்றவை கிளிக்கோடும் செலவோடும் வரிசையாக நிற்கும். படம், தீட்டும், வேலை, இலவச என்ற சொற்களை விலக்குச் சொற்களாகச் சேர்த்தால் அந்த ஓட்டைகள் அடைபடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: சாதாரணத் திறவுச்சொற்களைப்போல் விலக்குச் சொற்கள் நெருங்கிய வடிவங்களுக்குத் தானாக நீள்வதில்லை. ஒருமையைத் தடுத்தால் பன்மை தடைபடாது. தமிழில் வேற்றுமை உருபுகள் சேர்ந்து ஒரு சொல் பல வடிவம் எடுப்பதால், "வேலை", "வேலைக்கு", "வேலைகள்" என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுத வேண்டியிருக்கும். அதே வேகத்தில் "எப்படி" என்பதையும் விலக்கிவிடாதீர்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர் அடுத்த நாள் வாங்கக்கூடியவர். 2020ஆம் ஆண்டிலிருந்து இந்த அறிக்கையில் குறைவானவர்கள் தேடிய சொற்கள் காட்டப்படுவதில்லை என்பதால், செலவின் ஒரு பகுதிக்கு விளக்கம் கிடைக்காது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

விளம்பரத்தைச் சொடுக்கியவரை முகப்புப் பக்கத்தில் இறக்கிவிடுவது இன்னொரு பொதுவான வீணடிப்பு. எந்தப் பொருளைத் தேடினாரோ அந்தப் பொருளின் பக்கத்திலேயே அவர் இறங்க வேண்டும்.

சமூக ஊடகங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஆர்வங்களின் அடிப்படையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி அங்கே முன்பு இருந்த அளவுக்குக் கூர்மையாக இல்லை. 2021இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 14.5 பதிப்பில், பிற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர அவருடைய அனுமதியைக் கேட்டாக வேண்டும் என்று ஆக்கிய பிறகு, பல விளம்பரதாரர்களின் கணக்குகள் கலங்கிப்போயின. பொருளைப் பயன்படுத்திக் காட்டும் காணொளிகள், அந்தத் துறையில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் குழுக்களில் நேர்மையாகப் பங்கெடுப்பது ஆகிய இரண்டும் சிறு கடைக்குப் போதும். பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவது, முதலில் சொன்ன போலி வருகையின் இன்னொரு வடிவம்தான். தேடல் முடிவுகளில் மேலே வருவதற்காகப் பிற தளங்களிலிருந்து இணைப்புகளை விலைக்கு வாங்குவதும் அப்படியே. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது அப்படி வாங்கிக் குவித்த பல தளங்கள் தேடல் முடிவுகளில் அடியில் போய் விழுந்தன.

எந்த வழியில் வந்தவர் வாங்கினார் என்று தெரியாவிட்டால் மேற்சொன்ன எதுவும் உதவாது. நீங்கள் வெளியே பகிரும் ஒவ்வொரு இணைப்பின் இறுதியிலும், வந்த வழியைக் காட்டும் யூடிஎம் குறிகளைச் சேர்த்துவிடுங்கள்; இல்லையென்றால் செய்திச் செயலிகளிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் நேரடி வருகை என்ற தலைப்பின் கீழ் ஒளிந்துகொள்வார்கள். நன்றி தெரிவிக்கும் பக்கம் திறந்தாலே ஒரு விற்பனை என்று எண்ணும்படி அமைத்திருந்தால், வாடிக்கையாளர் அந்தப் பக்கத்தை மறுபடி ஏற்றும்போது இரண்டாவது விற்பனையும் பதிவாகிவிடலாம். ஆர்டர் எண்ணையும் சேர்த்து அனுப்பினால் இரட்டிப்பு நீங்கும். உங்கள் சொந்த வருகைகளையும், பக்கத்தைச் சோதிக்கும் நண்பர்களின் வருகைகளையும் கணக்கிலிருந்து நீக்குங்கள். எண்கள் சிறியவையாக இருக்கும்போது அவசர முடிவு ஆபத்தானது. ஒரு விளம்பரத்தில் இரண்டு ஆர்டரும் மற்றொன்றில் ஐந்து ஆர்டரும் வந்தன என்பதற்காக முதலாவதை நிறுத்திவிடுவது பூவா தலையா போட்டு முடிவெடுப்பதற்குச் சமம்.

ஒருமுறை வாங்கியவரே மிகச் சரியாக இலக்கு வைக்கப்பட்ட வருகையாளர், ஆகவே அவருடைய ஒப்புதலோடு சேர்க்கப்படும் மின்னஞ்சல் பட்டியலுக்கு விளம்பரத்துக்குத் தரும் அதே அக்கறையைத் தர வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும், அனுப்புநர்கள் தம் முகவரியை எஸ்பிஎஃப், டிகேஐஎம் போன்ற முறைகளில் மெய்ப்பிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியுள்ளன. பெருமளவில் அனுப்புபவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் தர வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. யாரிடமிருந்தோ வாங்கிய ஆயிரம் முகவரிகளுக்கு அனுப்பினால், மூன்று பேர் புகார் பொத்தானை அழுத்தினாலே அந்த எல்லை வந்துவிடும். அதன்பின் உங்கள் ஆர்டர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல்கள்கூட வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் போய் விழலாம்.