ஸ்லாட் எண் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது

இரவு பத்து மணிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு. அவர்களுடைய சர்வரில் ஐந்து டிஸ்க், ரெய்டு 5, அதாவது ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி வைக்கும் அமைப்பு. அதில் ஒன்று போய்விட்டது, ஸ்லாட் 3 என்று திரையில் வந்திருக்கிறது. அங்கே பொறுப்பில் இருந்த தம்பி புது டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு, இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூன்றாவதை உருவிவிட்டார். டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டோ ஸ்லாட்டுகளைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். அவர் உருவியது நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்லாட் 2. ஏற்கெனவே ஒரு டிஸ்க் இல்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த அரே, அதாவது அந்த டிஸ்க் தொகுப்பு, அந்த நொடியே நின்றுவிட்டது.

அதுவரைக்கும்கூட மீட்கக்கூடிய நிலைமைதான். உருவியதைத் திரும்பச் செருகியதும் கார்டு அதை ‘ஃபாரின்’ என்று காட்டியிருக்கிறது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஏதோ வேறு சர்வரின் டிஸ்க் போலிருக்கிறது என்று பயந்து, ‘கிளியர்’ கொடுத்துவிட்டார். அப்புறம் புது டிஸ்க்கையும் சேர்த்துப் புதிதாக ஓர் அரே உருவாக்கி, டிஸ்க் முழுவதையும் பூஜ்ஜியங்களால் நிரப்பி அழிக்கும் முழு இனிஷியலைசேஷனைத் தொடங்கிவிட்டார். நான் போனை எடுத்தபோது அது 40 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

அன்று டிஸ்க் பழுதால் ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. போனதெல்லாம் பழுதுக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் போனது. ரெய்டு கார்டு அமைக்கிற நாம் எந்த லெவல் (5, 6, 10 போன்ற ரெய்டு வகை), எத்தனை கேபி ஸ்ட்ரைப் (டிஸ்க்குகளுக்குப் பிரித்து எழுதும் துண்டின் அளவு) என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் தயார் செய்வதில்லை. அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அந்த சர்வரில் ஒரு லேபிள்கூட இல்லை.

முதலில் ‘ஃபாரின்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள். இன்று புழக்கத்தில் உள்ள கார்டுகள் அரேயின் விவரத்தை, அதாவது எந்த டிஸ்க் எந்த வரிசையில் எந்த லெவலில் இருக்கிறது என்பதை, டிஸ்க்குகளிலேயே எழுதி வைக்கின்றன. கார்டின் நினைவில் இருப்பதும் டிஸ்க்கில் இருப்பதும் பொருந்தவில்லை என்றால் அந்த டிஸ்க் ‘ஃபாரின்’. கார்டே எரிந்துபோனாலும் அதே வகைக் கார்டை மாற்றிப் போட்டு ‘இம்போர்ட்’ கொடுத்தால் அரே பெரும்பாலும் எழுந்து வந்துவிடுவது இதனால்தான். ‘கிளியர்’ என்பது அந்த விவரத்தை அழிப்பது. சந்தேகம் இருந்தால் இரண்டையும் தொடாதீர்கள். முதலில் திரையைப் படம் எடுங்கள், தெரிந்தவரை அழையுங்கள். ஒரு டிஸ்க் பல நாள் முன்பே வெளியே விழுந்திருந்தால் அதிலுள்ள தரவு பழையது. அதையும் சேர்த்து இம்போர்ட் செய்து வலுக்கட்டாயமாக ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் புதியதும் பழையதும் கலந்துவிடும். எது முதலில் விழுந்தது என்பதைக் கார்டின் ஈவன்ட் லாக் சொல்லும்.

லெவல் பற்றி. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு கட்டுரையை எழுதியபோது, அவர்கள் கணக்கில் எடுத்த சிறு டிஸ்க்கின் அளவு 100 எம்பி. அதைச் சில நிமிடங்களில் முழுவதும் படித்துவிடலாம். இன்று ஒரு 8 டிபி டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். வேலை நேரத்தில் ரீபில்ட், அதாவது புது டிஸ்க்கில் தரவை மறுபடி கட்டும் வேலை, ஓடினால் இன்னும் நீளும். அவ்வளவு நேரமும் மிச்சமுள்ள டிஸ்க்குகள் எல்லாம் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை பிழையில்லாமல் படித்துக் கொடுக்க வேண்டும். ரெய்டு 5இல் அந்த நேரத்தில் இன்னொன்று விழுந்தால் முடிந்தது. பெரிய டிஸ்க் என்றால் இரண்டு டிஸ்க் விழுந்தாலும் தாங்கும் ரெய்டு 6தான் நான் சொல்வேன். இரண்டு டிஸ்க்கின் இடம் போகிறதே என்று கேட்பார்கள், போகட்டும். டேட்டாபேஸ் மாதிரி சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கு, டிஸ்க்குகளை ஜோடி ஜோடியாக நகல் வைக்கும் ரெய்டு 10. ஸ்ட்ரைப் அளவில் கார்டு தரும் இயல்பான மதிப்பே பெரும்பாலானோருக்குப் போதும்.

டிஸ்க் வாங்கும்போது கவனம். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு மோசமான செக்டரைப் படிக்க நிமிடக்கணக்கில்கூட முயன்றுகொண்டிருக்கும். கார்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, டிஸ்க் செத்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடும். ரெய்டுக்கென்று வரும் டிஸ்க்குகள் ஏழு நொடி அளவில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும், மற்ற டிஸ்க்குகளிலிருந்து கார்டு சரிசெய்துகொள்ளும். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளையும், அதாவது தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுபவற்றையும், தவிர்த்துவிடுங்கள். ரீபில்ட் நேரத்தில் அவற்றின் எழுதும் வேகம் படுத்துவிடும்.

அடுத்தது கேஷ், அதாவது எழுத வரும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம். ரைட் பேக் முறையில், தரவு கார்டின் நினைவகத்துக்கு வந்ததுமே எழுதியாயிற்று என்று கார்டு சொல்லிவிடும். டிஸ்க்குக்குப் போவது பிறகுதான். நடுவில் கரண்ட் போனால் அதைக் காப்பாற்றுவது கார்டின் பேட்டரி அல்லது கெபாசிட்டர். பேட்டரிக்கு ஆயுள் உண்டு. அது தளர்ந்ததும் நல்ல கார்டு தானாகவே, டிஸ்க்கில் எழுதிய பிறகே எழுதியாயிற்று என்று சொல்லும் ரைட் த்ரூவுக்கு மாறிவிடும், சர்வர் திடீரென்று மெதுவாகும். அப்போது வேகம் வேண்டும் என்பதற்காக, பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக் என்ற தேர்வைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேட்டரியை மாற்றுங்கள். டிஸ்க்கின் சொந்த ரைட் கேஷையும் அணைத்து வையுங்கள், கார்டின் பேட்டரி அதைக் காக்காது.

பீப் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு டிஸ்க்கை இழந்து அரே டிகிரேட் ஆனால் கார்டு கத்தும். தொந்தரவு என்று அலாரத்தையே ‘டிஸேபிள்’ செய்துவிடுகிறார்கள். ‘சைலன்ஸ்’ என்றால் இப்போதைய சத்தம் மட்டும் நிற்கும், ‘டிஸேபிள்’ என்றால் அடுத்த டிஸ்க் விழும்போதும் கத்தாது. ஒரு டிஸ்க் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடிய அரேக்களை நான் திறந்து பார்த்திருக்கிறேன். எல்லாம் வேலை செய்கிறதே என்று யாரும் கவனிக்கவில்லை. பேட்ரோல் ரீட் ஓடுகிறதா என்றும் பாருங்கள். யாரும் தொடாத மூலையில் கிடக்கும் மோசமான செக்டரை ரீபில்டுக்கு முன்பே அது கண்டுபிடித்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பேக்கப் தனியாக வேண்டும். தவறுதலாக அழித்த ஃபோல்டரை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துவிடும்.

அந்த அலுவலகத்துக்கு அடுத்த மாதம் புது சர்வர் அமைத்தோம். தரவு ஏற்றும் முன்பு ஒரு நாள் முழுவதும் ஒத்திகைக்கு வைத்தோம். ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் ஸ்லாட் எண்ணையும் டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் அந்தத் தம்பியே எழுதி ஒட்டினார். அப்புறம் சில சோதனை ஃபைல்களைப் போட்டுவிட்டு, ‘லொகேட்’ கொடுத்து, விளக்கு மினுக்கிய ட்ரேயின் எண்ணை உரக்கப் படித்துச் சரிபார்த்து உருவினார். கார்டு கத்தியது. உபரியாகக் காத்திருந்த டிஸ்க்கான ஹாட் ஸ்பேர் தானாக உள்ளே வந்து ரீபில்ட் தொடங்கியது. சோதனை ஃபைல்கள் திறந்தன. எச்சரிக்கை மெயில் மட்டும் வரவில்லை. முகவரியில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. திருத்திவிட்டு, ரீபில்ட் முடியும்வரை காத்திருந்து, மறுநாள் காலை இன்னொரு டிஸ்க்கை உருவினோம். மூன்றாவது நிமிடத்தில் மெயில் வந்தது.