பல் கிளினிக்கில் ஊசி குத்தினால் திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள்

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணி, கடைசி நோயாளியும் போயாச்சு. தொட்டியில் கிடந்த கருவிகளைக் கழுவும்போது, மரத்துப்போவதற்குப் போட்ட ஊசி கையுறையைத் தாண்டிக் கட்டைவிரலில் ஏறிவிட்டது. "டெட்டால் போட்டுக் கழுவிடும்மா, அந்த பேஷன்ட் நல்ல குடும்பம்" என்றார் டாக்டர். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரு டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு, "திங்கட்கிழமை ஓ.பி.க்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

திங்கள் காலை ஒன்பது மணி என்றால் 36 மணி நேரம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை (பி.இ.பி. என்பார்கள்) முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி தாண்டினால் பயனில்லை. மொத்தம் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரப் பிரிவில் அந்த மருந்து எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். அதனால் அங்கே போய் "ஊசி குத்திடுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள், டி.டி.யோடு முடித்துவிடுவார்கள். "வேலை செய்யும்போது நோயாளிக்குப் போட்ட ஊசி குத்திவிட்டது, பி.இ.பி. வேண்டும், ஏ.ஆர். போடுங்கள்" என்று சொல்லுங்கள். ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. அதன் நகல் இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிப்பது கஷ்டம். அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஏதாவது வந்தால், "இது உனக்கு முன்னாடியே இருந்தது" என்று கைகழுவ யாருக்கும் வழி இருக்கக்கூடாது.

"தனியார் ஆளுக்கு இங்கே கிடையாது" என்றால் வாக்குவாதத்தில் நேரத்தைக் கரைக்காதீர்கள். 1097க்கு அழையுங்கள், அது எச்.ஐ.வி. உதவி எண், கட்டணம் இல்லை. அதுவும் உதவவில்லையா, சீட்டு எழுதி வாங்கி வெளியே மருந்தை வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி இந்த மருந்தைத் தர வேண்டிய பொறுப்பு கிளினிக்குடையது. கையுறை, முகக்கவசம், பயிற்சி எல்லாமும் அதில் சேர்த்தி.

யாருடைய ஊசி என்று தெரியாமல் போவது பல் கிளினிக்கில் சகஜம். நாலு பேருக்குப் போட்டது ஒரே தொட்டியில்தானே கிடக்கிறது? அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். மருந்து வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியது பணியில் இருக்கும் மருத்துவர், கவுன்டரில் இருப்பவர் இல்லை. குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும்.

எல்லோரும் எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிறார்கள். ஆனால் ஊசி குத்தில் அதைவிடச் சுலபமாகத் தொற்றுவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. 2016 மருத்துவக் கழிவு விதிகள் இந்த ஊசியை ஊழியருக்குப் போடும் கடமையை கிளினிக் நடத்துபவர் தலையில்தான் வைத்திருக்கின்றன. சம்பளத்தில் பிடிப்பது அடாவடி. "சின்ன வயசிலேயே போட்டிருப்பாங்க" என்பது அடுத்த சாக்கு. குழந்தைகளுக்கு நாடு முழுக்க இந்தத் தடுப்பூசி வந்ததே 2011ல்தான். இருபத்தைந்து வயதுக்காரர் பலருக்குக் கிடைத்திருக்காது. முதல் டோஸோடு மறந்துபோகிற கிளினிக்குகளும் உண்டு. மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் சக்தி) அளவு பார்க்கச் சொல்லுங்கள், 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அட்டை உங்கள் கையில் இருக்கட்டும்.

"நீ ஸ்டாஃப் இல்லை, டிரெய்னிங்தானே" என்பார்கள். இது செல்லாது. அந்த விதிகள் சுகாதாரப் பணியாளரோடு, கழிவைக் கையாளும் மற்றவர்களையும் சேர்த்தே சொல்கின்றன. கூட்டித் துடைக்க வரும் அம்மாவுக்கும் அதே தடுப்பூசி, அதே ஆண்டுப் பரிசோதனை, அதே பயிற்சி. "நாங்க சின்ன கிளினிக், எங்களுக்கு இதெல்லாம் கிடையாது" என்பதும் பொய். ஒற்றை நாற்காலி கிளினிக்குக்கும் இந்த விதிகள் உண்டு. ஊசி போய்ச் சேர வேண்டியது குத்தினால் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள், கழுவும் தொட்டிக்குள் அல்ல. போட்ட ஊசிக்கு மூடியை மறுபடி மாட்டச் சொல்வதும் ஆபத்து.

ஒரு நுணுக்கமான ஓட்டை. விதிகளில் "பெரிய விபத்து" என்ற வரையறைக்குள் ஊசி குத்து வராது. அதைப் பிடித்துக்கொண்டு "ரிப்போர்ட் பண்ணத் தேவையில்லை" என்பார்கள். ஆனால் மற்ற விபத்துகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் ஆண்டு அறிக்கையில் காட்டியாக வேண்டும். எனவே நடந்ததை, தேதி நேரத்தோடு, அன்றிரவே டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நீல டிக் விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டு. இதற்காகவே ஒன்பது பேரை மட்டும் பதிவேட்டில் காட்டுகிற கில்லாடிகள் இருக்கிறார்கள். சம்பளம் கையில் வாங்குகிறவர்கள் வருகைப் பதிவேட்டையாவது அவ்வப்போது போட்டோ எடுத்து வையுங்கள்.

புகார் என்றால் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம். அவர்கள் "ஹெல்த் டிபார்ட்மென்ட் பார்க்கும்" என்பார்கள், நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் "வாரியம் பார்க்கும்" என்பார்கள். ஒரே மனுவை இரண்டு இடத்திலும் கொடுத்து, இரண்டிலும் ரசீது வாங்கிக்கொண்டு, முதல்வர் உதவி எண் 1100லும் பதிவு செய்யுங்கள். கழிவு, தடுப்பூசி இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். சேர்த்து எழுதினால் ஒன்றுக்கு மட்டும் பதில் போட்டு மனுவை முடித்துவிடுவார்கள்.