நெல் நாற்று கதிர்வீச்சை உணர்ந்தால் அது கெட்டுவிட்டதாகப் பொருளா?

மாதவரத்தில் நாங்கள் நடத்தும் மண், பயிர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பகுதிகளிலிருந்து நெல் விவசாயிகளும், திருவொற்றியூர், கொளத்தூர்ப் பக்கங்களிலிருந்து மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். உப்பு ஏறிய தண்ணீர், மண்ணின் காரத்தன்மை, உர அளவு ஆகியவையே வழக்கமான கேள்விகள். இப்போது அவற்றோடு இன்னொன்றும் அடிக்கடி வருகிறது. "நிலக்கரிச் சாம்பல்ல கதிர்வீச்சு இருக்குன்னு சொல்றாங்க சார், அது நெல்லோட மரபணுவையே மாத்திடுமாமே?" என்று மீஞ்சூர் விவசாயி ஒருவர் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று விடும் நேரத்தில் கேட்டார். அனல்மின் நிலையங்களுக்கும் அவற்றின் சாம்பல் குட்டைகளுக்கும் அருகில் உழுது விதைப்பவருக்கு இந்தக் கவலை வருவது மிக இயல்பு. ஆனால் அந்த ஒரே கேள்விக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பயிர் கதிர்வீச்சை உணர்கிறதா, அதன் மரபணுவில் நிலையான மாற்றம் நேர்கிறதா, கதிரியக்கப் பொருள் நெல்மணிக்குள் போகிறதா என்னும் இவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் தேவையற்ற அச்சமும் தேவையற்ற அலட்சியமும் ஒருசேர வந்துவிடும்.

நெற்பயிரின் ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ 40,000 மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாம் எந்நேரமும் வேலை செய்வதில்லை. இலைக்குச் சில தேவைப்படுகின்றன, வேருக்கு வேறு சில. வெயில் ஏறும்போதும் தண்ணீர் வற்றும்போதும் பூச்சி கடிக்கும்போதும் சில மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன, சில அடங்குகின்றன. ஒரு மரபணு செயல்படும்போது அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, அதன் அளவை அளந்தால் அந்த மரபணு எவ்வளவு மும்முரமாக இயங்குகிறது என்பது தெரியும். மரபணுச் செயல்பாடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இங்கே டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறுவதில்லை. அந்த வரிசையே நிலையாக மாறினால்தான் அது சடுதிமாற்றம்; அது விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகக்கூடும்.

குறைந்த அளவுக் கதிர்வீச்சுக்கு நெல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை நேரடியாகக் காட்டிய ஆய்வு ஜப்பானில் நடந்தது. 2011 மார்ச் 11 அன்று தொடங்கிய புகுஷிமா அணுமின் நிலைய விபத்தால் மாசுபட்ட இடங்களில் இடாதே என்னும் கிராமமும் ஒன்று. ஆய்வாளர்கள் வேறிடத்தில் வளர்த்த நலமான நெல் நாற்றுகளை அங்கே கொண்டுபோய், மணிக்கு ஏறத்தாழ 4 மைக்ரோசீவெர்ட் (சீவெர்ட் என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவெர்ட்) காமா கதிர்வீச்சு உள்ள வயலில் மூன்று நாட்கள் வைத்திருந்து, இடையிடையே இலைகளை எடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2014இல் வெளியாயின. முதல் சில மணி நேரத்திலேயே டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் முடுக்கிவிடப்பட்டிருந்தன. மூன்றாம் நாளில் தற்காப்புக்கும் நெருக்கடியைத் தாங்குவதற்கும் உரிய மரபணுக்களின் செயல்பாடு மேலெழுந்திருந்தது.

இந்த எதிர்வினைக்கான காரணம் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரிலேயே தொடங்குகிறது. காமா கதிர் தண்ணீர் மூலக்கூறைப் பிளக்கும்போது மிகத் தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் கூறுகள் உருவாகின்றன, அவை டி.என்.ஏ., புரதம், செல் சவ்வு மூன்றையும் தாக்கக்கூடியவை. டி.என்.ஏ. இழையின் இரு பக்கமும் அறுந்தால் ஏ.டி.எம். என்னும் நொதி அதைக் கண்டுகொண்டு செய்தி அனுப்புகிறது. தாவரங்களில் எஸ்.ஓ.ஜி.1 என்னும் புரதம் அந்தச் செய்தியை ஏற்று, பழுதுபார்க்கும் மரபணுக்களை இயக்குகிறது. மனித உடலில் பி53 புரதம் ஏற்கும் பொறுப்பு இங்கே இதனுடையது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற நொதிகள் ஒருபுறம் அந்த ஆக்சிஜன் கூறுகளை அடக்குகின்றன. வேரூன்றிய இடத்தைவிட்டு நகர முடியாத உயிரினத்துக்கு இந்த ஏற்பாடு இல்லாமல் வாழ்க்கையே இல்லை.

மணிக்கு 4 மைக்ரோசீவெர்ட் என்றால் மூன்று நாட்களுக்குச் சுமார் 0.29 மில்லிசீவெர்ட். உலக மக்கள் இயற்கையிலிருந்து ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெறும் 2.4 மில்லிசீவெர்ட்டில் இது எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. (சீவெர்ட் மனித உடலுக்கென வகுத்த அலகு, பயிருக்கு கிரே என்று சொல்வதே முறை. காமா கதிரைப் பொறுத்தவரை இரண்டும் எண்ணளவில் ஏறத்தாழ ஒன்றே என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.) ஒரு நாளைக்கு 10 மில்லிகிரே, அதாவது மணிக்குச் சுமார் 400 மைக்ரோகிரே அளவுக்குக் கீழே, நிலத்தாவரக் கூட்டங்களுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு வர வாய்ப்பில்லை என்று பன்னாட்டு அணுசக்தி முகமை 1992இல் மதிப்பிட்டது. இடாதே வயலின் அளவு அதில் நூற்றில் ஒரு பங்கு. அந்த நூற்றில் ஒரு பங்கைக்கூட நாற்று கண்டுகொண்டது என்பதுதான் அந்த ஆய்வின் உண்மையான பெறுமதி. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் எண்ணூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள்; கூண்டு ஏறியதை வைத்துப் புயல் கரையைக் கடந்துவிட்டதாக மீனவர் யாரும் முடிவு செய்வதில்லை. மரபணுச் செயல்பாட்டில் தெரியும் மாற்றத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் நாற்றுகளைப் பார்த்த ஆய்வை வைத்து விளைச்சல் குறையும் என்றோ நெல்மணி நஞ்சாகும் என்றோ சொல்வது அறிவியல் ஆகாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தற்காப்பு மரபணுக்களில் பல, உப்புக்கும் வறட்சிக்கும் கன உலோகங்களுக்கும் இதே போல எதிர்வினை காட்டுபவை. மீஞ்சூரில் 1960களின் இறுதியிலிருந்தே நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்து வருகிறது. அங்கே வளரும் ஒரு நாற்றின் மரபணுச் செயல்பாட்டை மட்டும் அளந்துவிட்டு, அது கதிர்வீச்சால் வந்ததா உவர்நீரால் வந்ததா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படி உறுதி கூறி ஆய்வறிக்கை தர முன்வருபவரிடம் விவசாயிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அதற்காக, குறைந்த அளவு என்றாலே பொருட்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1986இல் அணுமின் நிலைய விபத்து நேர்ந்த செர்னோபில் அருகே மாசுபட்ட நிலத்தில் ஒரே ஒரு தலைமுறை வளர்த்த கோதுமையில், தூய நிலத்தில் வளர்ந்ததைவிட டி.என்.ஏ.வின் சில பகுதிகளில் சடுதிமாற்றம் ஆறு மடங்கு இருந்ததாக 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தப் பயிர் பெற்றதாகக் கணக்கிட்ட கதிர்வீச்சு இவ்வளவு பெரிய கூடுதலுக்குக் காரணமாக இருக்கப் போதாது என்று அதை நடத்தியவர்களே எழுதினார்கள். அதே வட்டாரத்தில் விளைந்த சோயாவை ஆராய்ந்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் விதைகள் எடை குறைந்திருந்தன. நெருக்கடியைத் தாங்க உதவும் சில புரதங்கள் கூடியிருந்தன. நாட்கணக்கில் படும் கதிர்வீச்சும், விதைப்பு முதல் அறுவடை வரை மண்ணிலிருந்தும் உடலுக்குள்ளிருந்தும் விடாமல் படும் கதிர்வீச்சும் ஒன்றல்ல என்பதையே இவை உணர்த்துகின்றன.

பயிர்ப்பெருக்க வல்லுநர்கள் வேண்டுமென்றே சடுதிமாற்றம் உண்டாக்க விதைகளுக்குக் கொடுப்பது சில நூறு கிரே. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் உருவாகி 1967இல் வெளியான ஷர்பதி சொனோரா கோதுமை காமா கதிரால் கிடைத்ததுதான். இடாதே நாற்றுகள் பெற்ற அளவைப் போலப் பத்து லட்சம் மடங்கை நெருங்கும் கணக்கு அது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவது குழப்பத்தையே வளர்க்கும்.

மூன்றாவது கேள்விதான் சாப்பிடுபவருக்கு நேரடியாக முக்கியமானது. வெளியிலிருந்து காமா கதிர் பட்ட பயிர் கதிரியக்கம் உடையதாக மாறிவிடாது. கதிரியக்கப் பொருள் வேர் வழியாக உள்ளே போனால்தான் மணியில் அது இருக்கும். புகுஷிமா மண்ணில் படிந்த கதிரியக்கப் பொருளான சீசியம்-137 வேதியியலில் பொட்டாசியத்தின் உறவு. மண்ணில் பொட்டாஷ் குறைந்தால் வேர் சீசியத்தைக் கூடுதலாக ஏற்கும். புகுஷிமாவில் வயல்களுக்குப் பொட்டாஷ் கூட்டிப் போட்டு நெல்லில் சீசியம் ஏறுவதைப் பெரிதும் தடுத்தார்கள். 2012 முதல் அரிசிக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல் (ஒரு பொருளின் கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்னும் வரம்பை வைத்து, மூட்டை மூட்டையாகச் சோதித்தார்கள். கெட்ட செய்திகள் மட்டுமே நம் ஊர்வரை வந்து சேர்வதால் இதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இனி நம் சாம்பலுக்கு வருவோம். நிலக்கரியில் இயல்பாகவே சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு. கரி எரிந்ததும் அவை சாம்பலில் செறிகின்றன. உலக மண்ணில் ரேடியம்-226 சராசரியாகக் கிலோவுக்கு 30 முதல் 35 பெக்கரல் வரை இருக்கிறது. சாம்பலில் பெரும்பாலும் அதைப்போலச் சில மடங்கு இருக்கும். இதில் புகுஷிமாவின் சீசியம் இல்லை. இயற்கையாகவே தோரியம் மிகுந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலோடு ஒப்பிட்டாலும் இது குறைவானதே. சாம்பல் படிந்த வயலில் என் முதல் கவலை கதிர்வீச்சன்று. போரான், ஆர்சனிக், ஈயம் போன்றவையும், இலைத்துளைகளை மூடும் நுண்துகளும்தான். இவற்றைச் சோதிக்காமல் கதிர்வீச்சை மட்டும் பேசினால் கண்ணெதிரே இருக்கும் பாதிப்புக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மாடித் தோட்டக்காரர்கள் கேட்கும் செல்போன் கோபுர அலைகளுக்கோ டி.என்.ஏ.வை அறுக்கும் ஆற்றலே கிடையாது. அது இந்தப் பேச்சில் சேராது.

சாம்பல் படியும் வயலுக்கு மண் எடுப்பவர்கள் மேல் ஐந்து சென்டிமீட்டரைத் தனியாகவும், அதற்குக் கீழே இருபது சென்டிமீட்டர் வரை தனியாகவும் எடுங்கள். சாம்பல் எட்டாத ஒரு வயலின் மண்ணையும் ஒப்பீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிணற்று நீரையும் அறுவடை நெல்லையும் தனித்தனியாகத் தர வேண்டும். உவர்ப்பு, போரான், கன உலோகங்கள் ஆகியவற்றின் முடிவு வந்தபின், தேவைப்பட்டால் மட்டும் காமா நிறமாலைச் சோதனைக்கு அனுப்பலாம். அதற்கு எந்தப் பொருள் எத்தனை பெக்கரல் என்று பிரித்துச் சொல்லும் கூடம் வேண்டும். வயலில் பிடித்துப் பார்க்கும் கையடக்கக் கருவியின் எண்ணை வைத்து நெல்லைப் பற்றி முடிவு சொல்ல முடியாது.