டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும் பச்சிளங்குழந்தை: அப்கார் முதல் காமாலை வரை

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் அப்கார், கபுட், மெகோனியம் என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றைப் படிக்கும்போது, அந்த அறிகுறி பிறந்து எத்தனை மணி நேரத்தில் தெரிந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாம் நாளில் இயல்பாக இருப்பது முதல் நாளிலேயே தெரிந்தால் அவசரமாகிவிடலாம்.

அப்கார் என்பது அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1953-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை. இதயத்துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை போடுவார்கள். சீட்டில் 8, 9 என்று இருந்தால் முதல் நிமிடத்தில் 8, ஐந்தாம் நிமிடத்தில் 9 என்று பொருள். 7-உம் அதற்கு மேலும் நல்ல மதிப்பெண். கையும் காலும் நீலம் பாரித்திருப்பதால்தான் பல குழந்தைகளுக்கு முழு 10 கிடைப்பதில்லை. அக்ரோசயனோசிஸ் எனப்படும் இந்த நீலம் முதல் ஓரிரு நாளில் சகஜம். உதடும் நாக்கும் நீலமானால் அது ஆக்சிஜன் குறைவு. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

தலை வீக்கத்தில்தான் குழப்பம் அதிகம். கபுட் என்பது பிரசவ அழுத்தத்தால் தலைத்தோலில் நீர் கோத்த வீக்கம். பிறக்கும்போதே இருக்கும், மண்டை எலும்புகளின் இணைப்புக் கோட்டைத் தாண்டிப் பரவும், இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். செஃபல்ஹெமட்டோமா அப்படியல்ல. எலும்புக்கும் அதை மூடிய சவ்வுக்கும் நடுவில் ரத்தம் கசிந்து, பிறந்த சில மணி நேரம் கழித்தே புடைக்கும். சவ்வு எலும்பின் ஓரத்தோடு ஒட்டியிருப்பதால் வீக்கம் இணைப்புக் கோட்டில் நின்றுவிடும். கரைய வாரக்கணக்கில் ஆகும். எண்ணெய் தேய்த்து அழுத்தவோ, ஊசி போட்டு உறிஞ்சவோ கூடாது. ஊசி போனால் கிருமியும் போகும். இந்த இரண்டையும் விட ஆபத்தானது, தலைத்தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து, வீக்கம் தளதளவென்று பிடரிக்கும் காதுக்கும் இறங்கிக்கொண்டே போவது. 3 கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே ஏறத்தாழ 250 மில்லிதான். அந்த இடத்தில் அதில் பெரும்பங்கு தேங்கிவிட முடியும். வாக்குவம் வைத்து எடுத்த குழந்தையின் தலையை முதல் நாள் அடிக்கடி தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

கசிந்த ரத்தம் கரையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி உருவாகும். காமாலை கூடுவதற்கு இது ஒரு காரணம். தலையில் வீக்கமே இல்லாத குழந்தைக்கும் சிவப்பணுக்கள் அதிகம், அவற்றின் ஆயுள் குறைவு, கல்லீரலின் நொதியும் இன்னும் முதிரவில்லை. ஆகவே இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் தட்டி, ஐந்தாம் நாளையொட்டி உச்சம் தொட்டு, இரண்டு வாரத்தில் மறைவது இயல்பு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அதை இயல்பு என்று விடவே கூடாது. தாய்க்கும் சேய்க்கும் ரத்தப் பிரிவு ஒவ்வாமல் சிவப்பணுக்கள் சிதைந்துகொண்டிருக்கலாம். பிலிருபின் எல்லை மீறினால் மூளையில் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாக்கும்.

மெகோனியம் என்பது முதல் மலம், கரும்பச்சை, பிசுபிசுப்பு. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் போய்விடும். 48 மணி நேரமாகியும் போகாவிட்டால் குடல் அடைப்பைத் தேட வேண்டும். அதில் பிலிருபின் நிறைய இருப்பதால், குடலில் தங்கினால் மறுபடி ரத்தத்துக்குள் ஏறும். நாளுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுத்தால் மலம் நன்றாகப் போகும். நிறமியும் கூடவே வெளியேறும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் பால் குடிப்பது குறையும், அவ்வளவுதான்.

காலை வெயிலில் காட்டுவதும் சிகிச்சை ஆகாது. ஒளி சிகிச்சையில் பயன்படுவது 460 முதல் 490 நானோமீட்டர் நீல ஒளி. தோலில் உள்ள பிலிருபினின் வடிவத்தை அது மாற்றிவிடுவதால், கல்லீரல் பதப்படுத்தாமலே நிறமி வெளியேற முடிகிறது. டயப்பரும் கண்பட்டையும் மட்டும் போட்டு, உடம்பு முழுக்க ஒளி படும்படி கிடத்துவார்கள். வெயிலில் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்த வழியில்லை. குழந்தைக்குக் குளிரும், அல்லது தோல் பொசுங்கும்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் மலத்தைப் பாருங்கள். வெளிறி, சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். கசாய் எனப்படும் அறுவை சிகிச்சை 60 நாளைக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். டயப்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.